கல்வேலியருகே பத்து நிமிடம்

ஹென்ட்ரா பண்ணை,
பாட்மின் மேட்டுநிலம், கார்ன்வால்.
14 நவம்பர் 1983

திரு. ஹெட்லி பாஸ்கோ அவர்களுக்கு,

பொது மேய்ச்சல் நிலச் சங்கத்தின் செயலாளர் என்னும் முறையில் இதனை எழுதுகிறேன். எதிர்ச்சரிவில் வாழும் அண்டை வீட்டுக்காரி என்னும் முறையில் அன்று. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாமென முதற்கண் கேட்டுக்கொள்கிறேன்.

அக்டோபர் இருபதாம் நாள் தொடங்கி என் மந்தையில் மூன்று பெண்ணாடுகள் கொல்லப்பட்டுள்ளன. சென்ற சனிக்கிழமை, நம் வழக்கப்படி, மேட்டுநிலத்தில் ஆடு விட்டிருக்கும் அனைவருடைய நாய்களும் என் முற்றத்துக்குக் கொண்டுவரப்பட்டன. பதினொரு நாய்களின் தொண்டையிலும், வாந்தி வருவதற்காக, தலைக்கொரு சலவைச் சோடாக் கட்டி இறக்கப்பட்டது. பத்து நாய்கள் மாவுக் கஞ்சியைக் கக்கின. உங்கள் ஜெஸ் கக்கியதில் கம்பளி இருந்தது. அக்கம்பளியில் என் மந்தையின் அடையாளமான நீலச் சாயம் இருந்தது. அதனை முற்றத்திலிருந்த அனைவரும் கண்டனர். நீங்களும் கண்டீர்கள்.

அப்போது நீங்கள் கூறியதை நான் மறக்க விரும்புகிறேன், மற்றவர்கள் மறக்கப்போவதில்லை. "இது நாய் வேலை இல்லப்பா. பூனை. கன்னுக்குட்டி ஒசரத்துல ஒரு பூனை" என்றீர்கள். உடனே பெர்சி கிட்டோ, "அப்போ வாசல்ல ஒரு வாளி பால் வெச்சுப் பாரு ஹெட்லி, மடியில வந்து படுத்துக்கும்" என்றார். எல்லோரும் சிரித்தனர். நானும் சிரித்தேன் என்பதை மறைக்கவில்லை.

பட்டணத்துச் செல்வர்கள் சிறுத்தையும் மலைச்சிங்கமும் வளர்த்ததாகவும், ஏழாண்டுகளுக்கு முன்பு உரிமம் வேண்டுமென்று சட்டம் வந்ததும் அவற்றை வண்டியிலேற்றி வந்து ஆளரவமற்ற இடங்களில் அவிழ்த்துவிட்டதாகவும் செய்தித்தாள்கள் எழுதுவதை நானும் வாசிக்கிறேன். செய்தித்தாள் விற்பதற்குக் கதை வேண்டும். மந்தையை எண்ணுவதற்கென்றே நாள்தோறும் குன்றேறும் இத்தனை பேருடைய கண்ணுக்குத் தப்பி அவ்வளவு பெரிய விலங்கொன்று உலவுமென்று நம்ப என் அறிவு இடந்தரவில்லை.

ஆடு கொன்ற நாயை அதன் உரிமையாளரே, தம் கரத்தால், ஏழு நாட்களுக்குள், இரு சாட்சிகளின் முன்னிலையில் சுட்டுவிட வேண்டும். சுட்டுவிட்டால் அவர் பெயர் தூய்மையடைகிறது; அதன்பின் அதைப்பற்றி எவரும் வாய் திறக்கலாகாது. சுடாதவர் மேய்ச்சல் உரிமையை இழக்கிறார். இது உங்களுக்கு நான் கற்பிக்க வேண்டியதன்று. ஏழாம் நாள், வரும் திங்கட்கிழமை.

இங்ஙனம்,
தெர்சா நான்காரோ
செயலாளர்


கார்வெல் பண்ணை
17 நவம்பர் 1983

செல்வி நான்காரோ அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். எனக்கு இப்படியெல்லாம் எழுத வராது. தெரிந்த மாதிரி எழுதுகிறேன்.

ஜெஸ் உங்கள் ஆட்டைத் தின்றது உண்மை. கொல்லவில்லை. அந்த மூன்றாவது ஆடு என் பக்கத்து ஓடையில் செத்துக் கிடந்தது. உங்களுக்குத் தெரியட்டும் என்று நான்தான் அதை எல்லைக் கல்வரைக்கும் இழுத்து வந்து போட்டேன். இழுக்கும்போது ஜெஸ் கூட வந்தாள். நான் மூச்சு வாங்க உட்கார்ந்த நேரத்தில் வாய் வைத்துவிட்டாள். ஒரு அதட்டுப் போட்டேன், விட்டுவிட்டாள். அவ்வளவுதான். உங்கள் வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்லியிருக்கலாம். மூன்று வருடமாக நாம் பேசுவதில்லை. என் முட்புதருக்கு வைத்த தீ உங்கள் மேய்ச்சலுக்குத் தாவியதிலிருந்து. அதனால் தட்டவில்லை. அது என் தப்பு.

அந்த ஆட்டை நீங்களும் பார்த்தீர்கள். நாய் என்றால் பின்தொடையைக் கிழிக்கும், மந்தையை ஓட ஓட விரட்டும், பொட்டல் முழுக்கக் கம்பளி பறந்து கிடக்கும். இதில் கழுத்தில் நான்கு ஓட்டை. ஒரு பிடி கம்பளி சிதறவில்லை. தோலைச் சட்டை கழற்றுகிற மாதிரி உரித்து வைத்திருந்தது. அதற்குமேல் உங்கள் பக்கமிருந்து என் பக்கம் வர நெஞ்சளவு கல்வேலி தாண்ட வேண்டும், அதுவும் ஆட்டைத் தூக்கிக்கொண்டு. ஒன்பது வயது ஜெஸ் என் வண்டியில் ஏறவே நான் பின்னால் தள்ளிவிட வேண்டும்.

நான் அந்த மிருகத்தைப் பார்த்ததாக எங்கேயும் சொல்லவில்லை. பார்க்கவில்லை. ஆட்டைப் பார்த்துச் சொன்னேன்.

ஒரு மாதம் தவணை கொடுங்கள். அவளைக் கட்டியே வைக்கிறேன். அதற்குள் இன்னொரு ஆடு செத்தால் தெரிந்துபோகும்.

ஹெட்லி பாஸ்கோ


ஹென்ட்ரா பண்ணை
19 நவம்பர் 1983

திரு. பாஸ்கோ அவர்களுக்கு,

தங்கள் 17ஆம் தேதியிட்ட கடிதம் கிடைத்தது. ஒருவருக்குத் தவணை அளித்தால் அடுத்தவருக்கும் அளிக்க வேண்டிவரும். பிறகு வழக்கமென்று ஒன்று எஞ்சாது. இந்த மேட்டுநிலத்தில் நம் பத்துப் பன்னிரண்டு குடும்பங்களை ஒருவர் கழுத்தை ஒருவர் நெரிக்காமல் காத்து நிற்பது அவ்வழக்கமொன்றே.

சலவைச் சோடா பொய் சொல்வதில்லை. கட்டியே வைக்கப்பட்ட நாய் எதனையும் நிரூபிக்காது. சாட்சிகளாகப் பெர்சி கிட்டோவும் தபால்காரர் வில்ஃபும் திங்கட்கிழமை முற்பகல் பத்து மணிக்கு வருவார்கள்.

தெர்சா நான்காரோ
செயலாளர்


கார்வெல்
22 நவம்பர்

செல்வி நான்காரோ அவர்களுக்கு,

முடிந்தது. நேற்று பத்தே காலுக்கு, ஆட்டுப்பட்டிக்குப் பின்னால்.

பெர்சி தொப்பியைக் கழற்றினார். வில்ஃப், "ஹெட்லி, வேணாம்னா சொல்லு, நான் பாத்ததா கையெழுத்துப் போட்டுட்டுப் போறேன். உன் தங்கச்சி ஊருக்கு அனுப்பிடு நாயை" என்றான். நல்லவன். பெர்சி அதற்கு ஒத்துவரவில்லை, அதனால் முடியவில்லை.

உட்கார் என்றேன். உட்கார்ந்தாள். ஒரு குண்டில் முடியவில்லை. இரண்டு ஆனது. உங்கள் ஏட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஹெ. பாஸ்கோ


ஹென்ட்ரா பண்ணை
9 ஜனவரி 1984

திரு. பாஸ்கோ அவர்களுக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள்.

டிசம்பர் இருபத்தெட்டாம் நாளிலும் இம்மாதம் ஆறாம் நாளிலும் மேலும் இரண்டு பெண்ணாடுகள் கொல்லப்பட்டன. ஒன்று என்னுடையது, மற்றொன்று கிட்டோவினுடையது. இரண்டின் கழுத்திலும் முன்னர்க் கண்ட அதே அடையாளங்கள். உங்களிடம் எஞ்சியிருக்கும் இளநாயைச் சோதிக்குமாறு சங்கத்தார் கேட்டனர். நேற்று சோதிக்கப்பட்டதில் அது குற்றமற்றதெனத் தெரிந்தது. அதனை ஏட்டில் பதிந்துவிட்டேன்.

ஆயினும் வேறொரு பேச்சு எழுந்துள்ளதை உங்களிடம் மறைப்பது முறையாகாது. நேற்று முற்றத்தைவிட்டு நீங்கள் சென்றபின் கிட்டோ கூறினார்: "நாயைச் சுட வெச்சோம்னு அவனுக்குக் காந்தல். நாய் செத்த பொறவும் ஆடு செத்தா, பாத்தியா அது நாய் இல்லன்னு மார்தட்டலாம்ல? கத்தி புடிக்கத் தெரியாதவனா அவன்?" மூவர் தலையசைத்தனர்.

இதனை நான் நம்பவில்லை. ஆனால் ஏட்டிலிருந்து நீக்குவதற்கும் எனக்கு அதிகாரமில்லை. இனி மேட்டுநிலத்துக்குச் செல்கையில் எவரேனும் ஒருவரை உடனழைத்துச் செல்வது உங்களுக்கு நன்மை பயக்கும்.

தெர்சா நான்காரோ


கார்வெல்
12 பிப்ரவரி 1984

செல்வி நான்காரோ அவர்களுக்கு,

உங்கள் கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை. போட என்ன இருக்கிறது? கூட யாரை அழைத்துப் போவது? என்னோடு குன்றேற யாரும் வருவதில்லை. சந்தையில் என்னைப் பார்த்தால் மியாவ் என்கிறார்கள். பெர்சியின் பேரப்பிள்ளைவரைக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். இப்போது மியாவ் நின்றுவிட்டது. நான் போனால் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். அதுதான் தாங்கவில்லை.

ஒரு மாதமாகப் பகலெல்லாம் என் மேல்கொல்லையில் உட்கார்ந்திருக்கிறேன். பைனாகுலரும் தின்ன ஒரு இறைச்சிப் பேஸ்டியும் ஒரு குடுவை தேநீரும். எதுவும் கண்ணில் படவில்லை. நரி, பருந்து, உங்கள் ஆடுகள். பிறகு வியாழக்கிழமை உங்களைப் பார்த்தேன்.

பிப்ரவரி ஒன்பது, மத்தியானம் மூன்று மணி இருக்கும். பனி லேசாகப் படிந்திருந்தது. உங்கள் மேல்வயல் கதவருகே வந்தீர்கள். நாய் முன்னால் வந்தது. திடீரென்று நின்றீர்கள். குனிந்து நாயின் பிடரியைப் பிடித்தீர்கள். நாய் வயிற்றைத் தரையில் ஒட்டிப் படுத்துவிட்டது. கல்வேலிக்கு அந்தப் பக்கம், என் கண்ணுக்கு மறைவான பக்கம், எதையோ பார்த்துக்கொண்டு நின்றீர்கள். என் கடிகாரத்தில் பத்து நிமிடம். நீங்கள் ஒரே இடத்தில் பத்து நிமிடம் நின்று நான் பார்த்ததில்லை. யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

பிறகு கதவைத் திறந்து அந்தப் பக்கம் போனீர்கள். வேலிக்கு மேல் உங்கள் தோளும் தலையும்தான் தெரிந்தன. தோள் ஆடியது. காலால் எதையோ தேய்த்தீர்கள், வேலி ஓரமாகவே நாற்பது தப்படி தூரம் தேய்த்துக்கொண்டே நடந்தீர்கள்.

பனியில் வேறு எதைத் தேய்ப்பார்கள்?

நான் அதைப் பார்க்கவில்லை. நீங்கள் பார்த்ததைப் பார்த்தேன்.

ஹெட்லி பாஸ்கோ


ஹென்ட்ரா பண்ணை
15 பிப்ரவரி 1984

திரு. பாஸ்கோ அவர்களுக்கு,

தனித்து வாழும் பெண்ணொருத்தியைத் தொலைநோக்கிக் கருவியால் உற்றுநோக்கிக்கொண்டிருந்ததாகக் கையெழுத்திட்டு ஒப்புக்கொள்ளும் துணிவு உங்களுக்கு எங்கிருந்து வந்ததென வியக்கிறேன்.

என் வலது முழங்காலில் ஓராண்டாக வலியுண்டு. கதவருகே நின்றது அதனால். வேலியோரம் எலிமேடுகள் பெருகிவிட்டன. காலால் நிரவியது அவற்றை. நாய் படுத்தது, நான் படுக்கச் சொன்னதனால்.

இதைப்பற்றி இனி எழுத வேண்டாம்.

தெ. நான்காரோ


கார்வெல்
26 பிப்ரவரி 1984

தெர்சா,

பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். பேர் சொல்லிக் கூப்பிடுகிறேன். கோபம் வந்தால் வரட்டும்.

பனி உறைந்த மண்ணில் எலிமேட்டை யாரும் காலால் நிரவ முடியாது. கடப்பாரை வேண்டும். உனக்கும் தெரியும்.

எஸ்டேட் மேலாளர் நேற்று வந்திருந்தார். மார்ச் பத்தாம் தேதிக் கூட்டத்தில், பெர்சி சொன்னதை நம்பி, சங்கம் என் மேய்ச்சல் உரிமையை ரத்து செய்தால் பண்ணைக் குத்தகையைப் புதுப்பிக்க மாட்டார்களாம். மார்ச் இருபத்தைந்தோடு சரி. "மந்தை பண்ணையோட இருந்திரும் பாஸ்கோ. அதுங்க இந்தச் சரிவை விட்டு வேற எங்கயும் நிக்காது, உனக்கே தெரியும்" என்றார். என் அப்பாவின் அப்பா காலத்திலிருந்து தாய் ஆடு குட்டிக்கு இந்தச் சரிவைப் பழக்கி வைத்திருக்கிறது. நான் வெளியே போனால் ஒரு நாயோடும் ஒரு பெட்டியோடும்தான் போக வேண்டும். எனக்கு ஐம்பத்து நான்கு வயது. வேறு வேலை தெரியாது.

உன்னிடம் கேட்பது ஒரு வரி. 'நான் அதைப் பார்த்தேன்' என்று. உன் கையெழுத்தில். நான் பத்துப் பக்கம் கத்தினாலும் சிரிப்பார்கள். நீ ஒரு வரி எழுதினால் பெர்சி கிட்டோ தொப்பியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிடுவார். இந்த மேட்டில் உன் சொல்லுக்கு அப்படி ஒரு எடை.

கடிதம் வேண்டாமென்றால், கூட்டத்தில் எழுந்து சொன்னால்கூடப் போதும். ஜெஸ்ஸைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். உன்னை யாரும் குற்றம் சொல்லாதபடி பார்த்துக்கொள்கிறேன். அப்போது தெரியாது, இப்போது தெரிந்தது, அவ்வளவுதானே?

இதை வில்ஃப் கையில் கொடுத்தபோது, "இந்தக் குட்டி ஓடையைத் தாண்டிக் கூப்பிட்டா கேக்குற தூரம். ரெண்டு பேரும் ஸ்டாம்ப் ஒட்டிக்கிட்டுக் கெடக்குறீங்க. கல்யாணமே பண்ணியிருக்கலாம், செலவு மிச்சம்" என்றான். சிரித்தேன். ரொம்ப நாளாயிற்று சிரித்து.

ஹெட்லி


ஹென்ட்ரா பண்ணை
11 மார்ச் 1984

திரு. ஹெட்லி பாஸ்கோ அவர்களுக்கு,

நேற்று மாலை தேவாலயப் பள்ளியறையில் நடைபெற்ற கூட்டத்தின் முடிவைத் தெரிவிப்பது என் கடமை. தங்கள் மேய்ச்சல் உரிமையை இம்மாதம் இருபத்தைந்தாம் நாளோடு முடித்துக்கொள்ளத் தீர்மானிக்கப்பட்டது. ஆதரவு ஒன்பது. எதிர்ப்பு இல்லை. செயலாளருக்கு வாக்குரிமை உண்டெனினும் அவர் வாக்களிக்கவில்லை.

நீங்கள் என்னைப் பார்த்துக்கொண்டே அமர்ந்திருந்ததை அறிவேன். எழுதுகோலை விட்டு நான் கண்ணெடுக்காதது, குறிப்பெடுக்கும் வேலை அத்தன்மையது என்பதால்.

இறுதியில் கிட்டோ உங்களிடம் கை நீட்டியபோது நீங்கள் பற்றிக்கொண்டது பெருந்தன்மை. "மனசுல வெச்சுக்காதே ஹெட்லி" என்று அவர் சொன்னதற்கு, "மனசுல என்னத்த வெக்கிறது பெர்சி, பொட்டியில வெக்கவே ஒண்ணுமில்ல" என்று நீங்கள் சொன்னதைக் குறிப்பில் சேர்க்கவில்லை.

உங்கள் இளநாய்க்கு இடம் வேண்டுமாயின் என் பண்ணையில் உண்டு.

தெர்சா நான்காரோ


ஹென்ட்ரா பண்ணை
17 ஜூன் 1984

ஹெட்லி,

உன் முகவரியை வில்ஃபிடம் கெஞ்சிப் பெற்றேன். அவர் முதலில் தர மறுத்தார். "அவனுக்கு இன்னும் என்ன நோட்டீஸ் குடுக்கணும் மிஸ்? தங்கச்சி வீட்டுப் பின்கட்டுல படுத்துக்கிட்டு வெள்ளைக் களிமண் குழியில வேலை பாக்குறான். வீட்டுக்கு வரும்போது தலையெல்லாம் மாவு கொட்டுன மாதிரி. அந்த மாவுல உங்க சங்கத்துக்குப் பங்கு வேணுமா?" என்றார். நான் காகிதத்தை நீட்டினேன். பிறகு எழுதிக் கொடுத்தார்.

நான் அதைப் பார்த்தேன்.

இவ்வொரு வரியை எழுதுவதற்கு நான்கு மாதங்கள் பிடித்தன. எழுதியபின் எஞ்சியதை எழுதுவது கடினமாக இல்லை.

அது வேலியின் அடியில், காற்றுப் படாத இடத்தில், படுத்திருந்தது. முப்பது தப்படி தூரம். காய்ந்த பெரணியின் நிறம். வால் என் மணிக்கட்டின் பருமன்; அதன் நுனி மட்டும் அசைந்துகொண்டிருந்தது. தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது. வெறுப்போ அச்சமோ அப்பார்வையில் இல்லை. கடந்துபோகும் வண்டியைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு மீண்டும் திரும்பிக்கொண்டது. நான் நடுங்கியது அதனால் அன்று, ஹெட்லி. என் ஆடுகள் ஏழெட்டு அதற்குச் சற்றுத் தள்ளி மேய்ந்துகொண்டிருந்தன. ஓடவில்லை. தலை தூக்கவுமில்லை. அவை அதனை அறிந்திருந்தன. எத்தனை காலமாக அறிந்திருந்தனவோ. நாம் அனைவரும் நாள்தோறும் எண்ணிக்கொண்டிருந்த அந்தப் பொட்டலில், எண்ணத் தெரியாத ஆடுகளுக்குத் தெரிந்திருந்தது எனக்குத் தெரியவில்லை.

பத்து நிமிடமென்று நீ எழுதினாய். நான் அதனை அறியேன். அது எழுந்து, சோம்பல் முறித்து, வேலியோரமாகவே நடந்து பெரணிக்குள் சென்றது. சென்ற பின்னும் நான் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்து நான் செய்ததை நீ கண்டாய். ஒவ்வோர் அடிச்சுவடும் என் விரித்த கையளவு. ஒன்றையும் விடாமல் அழித்தேன். அழித்துக்கொண்டிருக்கும்போதே, அழிக்கிறேன் என்பது எனக்குத் தெரிந்திருந்தது.

எதனால் என்று நீ கேட்கவில்லை. கேட்கும் உரிமை உனக்குண்டு. பன்னிரண்டு வயதில் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டவள் நான். தந்தை இறந்தபின் இப்பண்ணையை நான் நடத்தப்போவதாகச் சொன்னபோது கிட்டோவின் தகப்பனார், "பொம்பள வெச்ச மந்தை மூணு குளிர்காலம் தாங்காது" என்றார். இருபத்தாறு குளிர்காலங்கள் தாங்கியிருக்கிறேன். வாசித்து, எழுதி, ஒரு சொல்லும் பிசகாமல் பேசி, இவள் சொன்னால் அது அப்படித்தான் என்னும் நிலைக்கு வந்தேன். எனக்கிருந்தது அதுவொன்றே. அவளே எழுந்து, 'மேல்வயலில் ஒரு பெரும்பூனையைக் கண்டேன்' என்றால் மறுநாள் அவள் தனிமையில் மூளை கலங்கிய ஒரு முதுகன்னி. அது ஒரு காரணம். மற்றொன்றை எழுதாமல் விட்டால் இக்கடிதம் பொய்யாகும்: நான் ஏழு நாள் கெடு விதித்து, நேரம் குறித்து, சாட்சிகளை அனுப்பிக் கொல்வித்தது குற்றமற்ற ஒரு நாயை. அதனை ஒப்புக்கொள்ளக் கூடாமற்போயிற்று. ஒரு நாயின் சாவை ஒப்புக்கொள்ள மனமின்றி ஒரு மனிதனின் வாழ்வை விட்டுக்கொடுத்தேன்.

மே மாதம் மேலும் ஓர் ஆடு கொல்லப்பட்டது. நீ இங்கில்லை என்று நான் கூறினேன். "பஸ் இல்லையா என்ன? வந்துட்டுப் போயிருப்பான்" என்றார் கிட்டோ. அவ்வாறே ஏட்டில் ஏறியது.

கார்வெல்லுக்கு இன்னும் குத்தகையாளர் வரவில்லை. உன் மந்தையை மேலாளரின் ஆட்கள் வாரமொருமுறை வந்து பார்க்கிறார்கள். ஆகஸ்ட் மாதக் கூட்டத்தில் வாசிப்பதற்கான வாக்குமூலத்தை முழுமையாக எழுதிக் கையெழுத்திட்டு இத்துடன் இணைத்துள்ளேன். எஸ்டேட் மேலாளருக்கும் ஒரு படி. சிரிக்கட்டும். நீ திரும்பி வர வழி பிறக்கும். உன் சம்மதம் மட்டும் வேண்டும். உன் பெயர் அதில் வருவதனால்.

தெர்சா


8 ஜூலை 1984

தெர்சா,

உன் வாக்குமூலத்தைத் திருப்பி அனுப்புகிறேன். நன்றாக எழுதியிருக்கிறாய். எரித்துவிடு.

இங்கே களிமண் குழியில் தண்ணீர்க்குழாயைப் பிடித்து மண்ணைக் கரைக்கிற வேலை. எட்டு மணி நேரம் வாய் பேச வேண்டாம். அதனால் யோசனை ஓடும். முதல் மாதம் அந்தத் திங்கட்கிழமையை மட்டும்தான் யோசித்தேன். உட்கார் என்றதும் உட்கார்ந்தாளே, அதை. முதல் குண்டுக்கும் இரண்டாவது குண்டுக்கும் நடுவில் அவள் என்னைப் பார்த்து வாலை ஆட்டினாள். அதை உனக்கு நான் அன்றைக்கு எழுதவில்லை. ஏதோ தப்பு செய்துவிட்டோம், சரிசெய்துவிடலாம் என்கிற மாதிரி ஆட்டினாள்.

ஒருநாள் குழாயை அப்படியே போட்டுவிட்டுக் குழியின் விளிம்புக்குப் போய் நின்றேன். கூட வேலை செய்கிறவர், "என்னய்யா, குளிக்கப் போறியா? தண்ணி அம்பது அடி ஆழம்" என்றார். திரும்பி வந்துவிட்டேன்.

அன்றிலிருந்து நானே எனக்கு ஒன்று சொல்லிக்கொள்ள ஆரம்பித்தேன். ஜெஸ்தான் கொன்றாள். வயதான நாய், புத்தி பிசகியது, நடக்கிறதுதான். நான் எசமானன், செய்ய வேண்டியதைச் செய்தேன். அதற்குப் பிறகு செத்த ஆடுகள்? வேறு நாய். நரி. தெரியாது. நான் ஏன் யோசிக்க வேண்டும்? இப்படித் தினமும் சொல்லிச் சொல்லி, ஜூன் மாதம் வரும்போது பாதி நம்பிவிட்டேன் தெர்சா. ராத்திரி தூங்கினேன். தங்கச்சி பன் சுட்டால் தின்றேன்.

அப்போது உன் கடிதம் வந்தது.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. பண்ணை வேண்டாம். அந்தப் பட்டிக்குப் பின்னால் என்னால் நடக்க முடியாது. நான் அங்கே வந்து மந்தை மேய்த்துக்கொண்டே, அவள் ஒன்றும் செய்யவில்லை என்று தினமும் தெரிந்துகொண்டு இருக்க வேண்டுமா? பிப்ரவரியில் ஒரு வரி கேட்டேன். அப்போது அது எனக்கு வேண்டியிருந்தது. இப்போது வேறு ஒரு வரி கேட்கிறேன். ஜெஸ்தான் செய்தாள் என்று எழுதி அனுப்பு. நீ பார்த்ததாக எழுதியது ஏதோ காய்ச்சலில் எழுதியது என்று எழுது. நான் சொன்னால் என் மனது கேட்பதில்லை. நீ எழுதினால் கேட்கும். அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வேன்.

கூட்டத்திலும் சொல்லாதே. சொன்னால் வில்ஃப் எனக்கு எழுதுவான். யாராவது ஒருவர் எனக்குச் சொல்லிவிடுவார்கள். எப்போதுமே சொல்லாதே.

ஹெட்லி


ஹென்ட்ரா பண்ணை
5 ஆகஸ்ட் 1984

எவரிடம் காட்ட நேரினும் அவர் அறிக:

1983ஆம் ஆண்டு அக்டோபர், நவம்பர் மாதங்களில் என் மந்தையைச் சேர்ந்த மூன்று பெண்ணாடுகளைக் கொன்றது, கார்வெல் பண்ணைத் திரு. ஹெட்லி பாஸ்கோ வளர்த்த ஜெஸ் என்னும் பெண் நாயே ஆகும். முறையான சோதனையில் அது ஐயமற நிறுவப்பட்டது. முதுமையில் நாய்களுக்கு இத்தகைய பிறழ்வு நேர்வதுண்டு. திரு. பாஸ்கோ, உரிமையாளருக்குரிய கடமையைத் தம் கரத்தால் நிறைவேற்றினார். அதில் அவர் மீது குறை ஏதுமில்லை.

அதன்பின் நேர்ந்த இழப்புகள் தெருநாய்களால் விளைந்தவை.

இவ்வாண்டு ஜூன் மாதம் நான் எழுதிய கடிதமொன்றில் வேறுவிதமாகக் கூறியிருந்தேனாயின், அது கடுங்காய்ச்சலில் எழுதப்பட்டது. இம்மேட்டுநிலத்தில் அத்தகைய விலங்கெதனையும் நான் என் வாழ்நாளில் கண்டதில்லை.

எவருடைய வற்புறுத்தலுமின்றி, தெளிந்த அறிவோடு எழுதிக் கையெழுத்திடுகிறேன்.

தெர்சா நான்காரோ
செயலாளர், பொது மேய்ச்சல் நிலச் சங்கம்

ஹெட்லி, மேலேயுள்ள பகுதியைத் தனியே கிழித்து வைத்துக்கொள். நேற்றைய கூட்டத்தில் நான் எதுவும் வாசிக்கவில்லை, இனியும் வாசிக்கமாட்டேன். கோடை முழுவதும் எந்த மந்தையிலும் ஆடு எதுவும் இறந்ததாக எவரும் சொல்லவில்லை. என் மந்தையும் நலம்.

கையெழுத்து கோணியிருப்பதைப் பொறுத்துக்கொள். மூன்று நாட்களாக மேல்வயலில் தனியே அகலமான குழிகளை வெட்டி மூடியதில் உள்ளங்கை உரிந்துவிட்டது. வேலிக் கம்பம் நடுவதற்காகத்தான்.

தெர்சா